நாலு வார்த்தைத் தலைப்பு

நவம்பர் 10, திங்கள்

விடியக்காலையிலிருந்தே சாரல். ஓசூர்ல இந்த மாசம் வெயிலை நம்பித் துணி காயப் போட முடியாது.

லீவு முடிஞ்சு இன்னைக்கு முதல் நாள் வேலை. யூனிஃபார்ம் இடுப்புல தொளதொள. யாழினியை ஸ்கூல் வேன்ல ஏத்திவிட்டுட்டு, மத்திகிரி முக்குல கம்பெனி பஸ்சுக்கு நின்னேன். பேசிட்டிருந்தவங்க நிறுத்திட்டாங்க. பஸ்ல ஒருத்தி ஜன்னல் சீட்டை விட்டுக் கொடுத்தா. வேண்டாம்னு சொல்லத் தெம்பில்ல, உட்கார்ந்துட்டேன்.

வாங்க வேண்டியது: துவரம்பருப்பு, துணி சோப்பு, யாழினிக்கு கிராஃப் நோட்டு. காஸ் புக் பண்ணணும். புக்கிங் வீட்டுக்காரர் போன் நம்பர்ல. போன் இன்னும் போலீஸ் ஸ்டேஷன்ல.

இன்ஸ்பெக்‌ஷன் டேபிள்ல அதே பழைய இடம். பாகத்தை எடு, அளவு பார்க்கிற கேஜ்ல வை, தட்டுல போடு. கை தானா செஞ்சுது. அந்த மட்டுக்கும் நல்லது.

மதியம் ரூபா டிபன் பாக்ஸைத் திறக்காமயே உட்கார்ந்திருந்தா. பக்கத்து டேபிள், அத்திப்பள்ளிக் கன்னடப் பொண்ணு. அப்புறம் பையிலிருந்து மடிச்ச பேப்பர் ஒண்ணை எடுத்தா. பெங்களூர் இங்கிலீஷ் பேப்பர், போன வாரத்துது. கேட்ல செக்யூரிட்டி எடுத்து வெச்சிருந்தாராம். "அண்ணனைப் பத்தி வந்திருக்குதுக்கா. குடுக்கலாமா வேண்டாமான்னு யோசிச்சுட்டே இருந்தேன்."

உள்பக்கம், அடியில, சின்னக் கட்டம். போட்டோ இல்ல. முனிராஜ், லைன்மேன், வயசு. அவர் பேரை இங்கிலீஷ்ல பார்த்தா வேற யாரோ மாதிரி.

மேல தடிச்ச எழுத்துல தலைப்பு. நாலே வார்த்தை. லைன் சார்ஜ்டு, கான்ட்ராக்டர் நாட்.

நாலும் தெரிஞ்ச வார்த்தைதான். சேர்த்துப் படிச்சா ஒண்ணும் புரியல. கீழே இருக்கிறதைப் படிக்கறதுக்குள்ள பெல் அடிச்சுது.

எனக்கு இதுவரைக்கும் சொல்லியிருக்கிறது: தொழிற்பேட்டையில ரோடு அகலம் பண்றதுக்குக் கம்பம் மாத்துற வேலை. தனியார் கான்ட்ராக்டர் எடுத்தது. லைன்ல கரன்ட் இல்ல. மேல ஏறினாரு, மயக்கம், விழுந்தாரு, தலையில அடி. சொன்னது கான்ட்ராக்டரோட மேனேஜர். கூட நின்னு தலையாட்டினது சங்கர், என் வீட்டுக்காரரோட சொந்தத் தம்பி. அவனும் அங்கதான் வேலை. அன்னைக்குக் கம்பத்தடியில நின்னவன் அவன்.

வலது கையைத் துணியால சுத்திக் கொடுத்தாங்க. விழுந்த அடின்னாங்க. நான் பிரிச்சுப் பார்க்கல.

நவம்பர் 11, செவ்வாய்

மழை விட்டுது. நல்ல பனி. யாழினிக்கு இருமல், மிளகுக் கஷாயம்.

சாயங்காலம் சங்கர் வந்தான். மேனேஜர் கொடுத்தனுப்பின பத்திரம் கையில. லைன் ஆஃப்ல இருந்தது, என் கணவருக்கு மயக்கம் வந்தது, யார்மேலயும் எனக்குப் புகார் இல்லை. இப்படி நான் எழுதிக் கொடுத்த மாதிரி அவங்களே டைப் அடிச்சிருக்காங்க. கையெழுத்துப் போட்டா யாழினி படிப்பை ஆபீஸ் பார்த்துக்குமாம். சங்கரையும் பர்மனென்ட் பண்ணிடுவாங்களாம்.

முதல்ல இதைப் படிச்சுச் சொல்லுன்னு பேப்பரை நீட்டினேன். அவன் ஐடிஐ படிச்சவன், இங்கிலீஷ் எங்களைவிடத் தெரியும். நாலு வார்த்தையை ரொம்ப நேரம் படிச்சான்.

அவன் சொன்ன அர்த்தம்: லைனை மாத்தறதுக்குச் சார்ஜ் உண்டு, அதைக் கம்பெனிக்காரங்க கட்டினாங்க. நம்ம கான்ட்ராக்டர் நம்மகிட்ட எந்தச் சார்ஜும் வாங்கல. ஆஸ்பத்திரி, வண்டி எல்லாம் அவரே பார்த்துக்கிட்டாரு. "நல்ல விதமாத்தான் போட்டிருக்காங்க அண்ணி."

அப்படியான்னேன்.

பேப்பரை எடுத்துட்டுப் போகவான்னு கேட்டான். இருக்கட்டும்னேன். வெச்ச காபி அப்படியே ஆறிக் கிடந்துது. ரெண்டு சர்க்கரை கேட்டுக் குடிக்கிறவன்.

கையெழுத்துக்கு ஞாயித்துக்கிழமை வரைக்கும் டைம் கேட்டிருக்கேன்.

நவம்பர் 12, புதன்

கேஜ் ஒண்ணு மாத்தி வந்துது, காலையில ஒரு மணி நேரம் வேலை நின்னுது. அந்த நேரத்துல ரூபாவைக் கூப்பிட்டு, அந்தச் செய்தியை முதல்லருந்து எனக்குச் சொல்லுன்னேன்.

சங்கர் சொன்ன அர்த்தத்தைச் சொன்னதும் இல்லைன்னு தலையாட்டினா. பேப்பர்ல சார்ஜ்டுன்னா கேஸ் போட்டாங்கன்னு அர்த்தமாம். நம்ம ஊர்ல சார்ஜ் ஷீட்னு சொல்றோமே, அந்த சார்ஜ். கான்ட்ராக்டர் மேல கேஸ் போடல. அதான் கான்ட்ராக்டர் நாட்.

அப்போ லைன் சார்ஜ்டு? லைன் மேலயா கேஸ் போட்டாங்கன்னு கேட்டேன்.

ரூபா சிரிச்சுட்டா. சட்டுன்னு வாயைப் பொத்திக்கிட்டா. மூஞ்சி மாறிப் போச்சு. அப்பத்தான் எனக்குத் தெரிஞ்சுது, அந்தத் தலைப்புல சிரிக்கிறதுக்கு ஏதோ இருக்குதுன்னு.

சொல்லுன்னேன். வேண்டாம்க்கான்னா. கையைப் பிடிச்சுக்கிட்டேன். மெதுவா சொன்னா. "போனுக்கு சார்ஜ் போடறோமில்ல, அதுவும்தான் இது. ஒரே வார்த்தை, ரெண்டு இடத்துக்கும் வெச்சிருக்காங்க. லைன்ல கரன்ட் இருந்துது. கான்ட்ராக்டர் மேல கேஸ் இல்ல."

மெஷின் சத்தமெல்லாம் தூரத்துல போன மாதிரி ஆச்சு.

செய்திக்குள்ள அப்படி ஒரு வரியும் கிடையாது. மயக்கம்னும் இல்ல. சந்தேக மரணம்னு போலீஸ் பதிவு பண்ணியிருக்குது. கடைசி வரி மட்டும்: எல்.சி. கேட்டு யாரும் வரலைன்னு மின்வாரியத்துல ஒரு அதிகாரி சொன்னதா இருக்குது.

எல்.சி. எனக்குத் தெரியும். லைன் கிளியர். கரன்ட்டை நிறுத்திட்டோம், இப்ப நீ ஏறலாம்னு வாரியம் கொடுக்கிற அனுமதி. கல்யாணமான நாள்லருந்து தினம் காதுல விழுந்த வார்த்தை. எல்.சி. வாங்காம அவர் ஏணியைக்கூடத் தொட மாட்டாரு. பண்டிகை நாள்ல மாமா வீட்டு ஃபியூஸ் போட மாட்டேன்னு நின்னு, பேச்சு வாங்கின மனுஷன்.

ஆட்டோ சார்ஜ். ஷிஃப்ட் இன்சார்ஜ். லத்தி சார்ஜ். பஸ்ல வர்றப்போ எண்ணிட்டே வந்தேன். ஒரு வார்த்தை எத்தனை வேலை பார்க்குது. யாரோ பெங்களூர்ல ஏசி ரூம்ல உட்கார்ந்து, என் வீட்டுக்காரர் சாவுக்கு இதுல எது பொருத்தம்னு தேடியிருக்காங்க. பொருந்தினதும் சந்தோஷப்பட்டிருப்பாங்க.



நவம்பர் 14, வெள்ளி

அரை நாள் லீவு. கிருஷ்ணகிரி. பேப்பர் ஆபீசுக்கு நேத்து ரூபாதான் போன் போட்டா. முதல்ல இங்கிலீஷ், அப்புறம் கன்னடம். அவங்க கொடுத்த நம்பர், கிருஷ்ணகிரியில இருக்கிற நிருபருது.

குந்தாரப்பள்ளியில சந்தை. ரோட்டோரம் பூரா மாட்டு வண்டியும் மினி லாரியும், பஸ் ஊர்ந்துது. ஒரு கன்னுக்குட்டி ரோட்டுக்கு நடுவுல நின்னு எல்லா வண்டியையும் பார்த்துட்டிருந்துது.

பஸ் ஸ்டாண்டு டீக்கடையில வந்து உட்கார்ந்தாரு. ஐம்பது வயசு இருக்கும், ஹெல்மெட்டை மடியிலேயே வெச்சிருந்தாரு. நான் யாருன்னு சொன்னதும் டீயைக் கீழே வெச்சுட்டாரு.

சுத்தி வளைக்கத் தெரியல எனக்கு. சாவுல விளையாட்டுக் காட்டலாமான்னு நேரா கேட்டேன்.

தலைப்பு அவர் வெக்கிறது இல்லையாம். பெங்களூர் ஆபீஸ்ல, செய்தியைத் திருத்தற டெஸ்க்ல வெப்பாங்களாம். வெச்சவரை அவர் பார்த்ததுகூட இல்ல. அவர் எழுதினதுல ஒரு வரி இருந்துதாம்: சம்பவத்தப்போ லைன்ல மின்சாரம் இருந்ததாக் கூறப்படுகிறது. ஆதாரம் கேட்டாங்க. வாரியத்து அதிகாரி பேர் போடக்கூடாதுன்னுட்டாரு, எழுதியும் கொடுக்கல. கான்ட்ராக்டர் கோர்ட்டுக்குப் போவான்னு பயந்து அந்த வரியை வெட்டிட்டாங்க.

"வெட்டின ஆளேதாம்மா அதைத் தலைப்புல கொண்டுபோய் வெச்சிருக்காரு. யாராவது கேட்டா, அது சும்மா வார்த்தை விளையாட்டு, நாங்க அப்படிச் சொல்லலைன்னு சொல்லிக்கலாம். நேரா சொல்ல முடியாததுக்கு அவங்களுக்கு அது ஒரு வழி."

கேட்டுட்டே இருந்தேன். கோபம் பாதி இறங்குச்சு. மீதி இறங்கல. வெச்சப்போ சிரிச்சிருப்பாங்கதானேன்னு கேட்டேன்.

"யாராவது சிரிச்சிருப்பாங்க. பொய் சொல்ல மாட்டேன்."

அதுக்காகவே அந்த மனுஷனைப் பிடிச்சுது.

டீக்குக் காசு கொடுக்க விடல. பஸ் ஏறி உட்கார்ந்ததும் ஒரே ஒரு கேள்விதான் மனசுல. எல்.சி. இல்லாம ஏறாதவர் ஏறியிருக்காரு. அப்போ வாங்கியாச்சுன்னு யாரோ சொல்லியிருக்கணும்.

நவம்பர் 16, ஞாயிறு

காலையிலயே சங்கர். யாழினியைக் கீழ் வீட்டுக்கு டிவி பார்க்க அனுப்பினேன்.

தலைப்போட அர்த்தத்தை ரூபா சொன்ன மாதிரியே சொன்னேன். நீ சொன்னது தப்பு, தெரிஞ்சுதான் மாத்திச் சொன்னியான்னு நான் கேட்கல. வேற ஒண்ணு கேட்டேன்.

"எல்.சி. வாங்கியாச்சுன்னு உங்கண்ணன்கிட்ட யார் சொன்னது?"

சுவரோரமா உட்கார்ந்துட்டான். பத்திரம் கையில கசங்கிட்டிருந்துது.

"நான்தான் அண்ணி."

மெல்ல மெல்லச் சொன்னான். அவர் பெல்ட் மாட்டிட்டு, கயிறு தோள்ல போட்டுக்கிட்டு, எல்.சி. ஆச்சான்னு கேட்டாராம். இவன் மேனேஜருக்குப் போன் போட்டிருக்கான். அந்தப் பக்கம் மேனேஜர் வேற யார்கூடவோ பேசிட்டே, 'லைன் ஓகே, லைன் ஓகே, வேலையைப் பாருங்க'ன்னு சொல்லி வெச்சுட்டாரு. இவன் நிமிர்ந்து, வாங்கியாச்சுண்ணா, ஏறுன்னு கத்தியிருக்கான்.

"ஓகேன்னா ஆஃப் பண்ணியாச்சுன்னு நெனச்சேன் அண்ணி. இப்ப அவரு, லைன் நல்லா ஓடிட்டிருக்குதுன்னுதான் சொன்னேங்கறாரு. நான் கேட்டது எல்.சி.யைப் பத்தின்னு தெரியும் அவருக்கு. தெரியும்தான். ஆனா அவர் வாய்ல அந்த வார்த்தை வரல. என் வாய்லதான் வந்துது."

எங்க டேபிள்ல ஓகேன்னு ஒரு தட்டு. அதுல போனா அந்தப் பாகம் வண்டிக்குப் போகும், அவ்வளவுதான். ஓகேக்கு ரெண்டு அர்த்தம் இருக்கும்னு யோசிச்சதே இல்ல நான்.

நான் கத்தல. எழுந்து சமையலறைக்குப் போயிட்டேன். குழாயைத் திறந்து விட்டுக் கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவினேன். அவன் அழற சத்தம் கேட்கக்கூடாதுன்னு. தலைதீபாவளிக்கு என்கூட வந்து எங்க அம்மா வீட்டுல இலை நிறையச் சாப்பிட்டவன். அவர் தூக்கி வளர்த்தவன். அவனை அந்த நிமிஷம் எனக்குப் பிடிக்கல. எழுதி வைக்கிறேன். பிடிக்கல.

திரும்பி வந்து சொன்னது ரெண்டே விஷயம். கையெழுத்துப் போட மாட்டேன். நீ என்ன செய்யணும்னு நான் சொல்ல மாட்டேன்.

போயிட்டான். செருப்பைக் கையில எடுத்துட்டுப் படி இறங்கினான், ஏன்னு தெரியல.

நவம்பர் 17, திங்கள்

குளிர். ரெண்டு பாகத்தைத் தட்டு மாத்திப் போட்டேன், ரூபா பார்த்து எடுத்தா. திட்டல.

சிங்காரப்பேட்டையிலிருந்து அத்தை போன். சங்கர் போய் எல்லாத்தையும் சொல்லியிருக்கான் போல. "ரெண்டு பேரும் என் வயித்துல பொறந்தவங்க மஞ்சு. நான் யாருக்குன்னு பேச?" வெச்சுட்டாங்க.



நவம்பர் 19, புதன்

மேனேஜரே வீட்டுக்கு வந்தாரு. ஆப்பிள், ஆரஞ்சு, ஒரு பை நிறைய. யாழினி கணக்குப் போட்டுட்டிருந்தா, தலையைத் தடவிக் கொடுத்தாரு.

நல்ல மாதிரிதான் பேசினாரு. முனி என் தம்பி மாதிரிம்மா, விதி, யாரைக் குத்தம் சொல்றது, கேஸ்னு போனா வருஷக்கணக்குல அலைச்சல், உன் கொழுந்தனும் மாட்டுவான். கடைசியாச் சொன்னதுதான் சொல்ல வந்தது.

லைன் ஓகேன்னா என்ன அர்த்தம் சார்னு கேட்டேன்.

எழுந்து வண்டிச் சாவியை எடுத்தாரு. "ஓகேன்னா ஓகேம்மா."

பழப் பையை அவர் வண்டியிலேயே மாட்டிட்டு வந்தேன். யாழினி கேட்டா, ஏம்மா வேண்டாம்னுட்டே. அப்பாவுக்குப் பிடிக்காதுன்னேன். ஆப்பிள் பிடிக்குமேன்னா.

நவம்பர் 21, வெள்ளி

ஸ்டேஷன். புகார் எழுதிக் கொடுத்தேன். பேப்பரையும் சேர்த்து நீட்டினேன். எஸ்.ஐ. தலைப்பைப் படிச்சுட்டுத் திருப்பிக் கொடுத்தாரு. இதெல்லாம் ஆதாரம் ஆகாது, இவங்க எழுதறது எப்படி வேணா வளையும்னாரு. தப்பா சொல்லல.

போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட் வந்துடுச்சாம். வலது உள்ளங்கையில கரன்ட் பட்ட காயம். அதுல சந்தேகமே இல்ல. ஆனா கான்ட்ராக்டர் தரப்புல இப்ப பேச்சை மாத்திட்டாங்க. மயக்கம்னு சொல்லல. எங்களைக் கேட்காம அவரே ஏறினார்னு எழுதிக் கொடுத்திருக்காங்க.

"அங்க இருந்தவங்க யாராவது வந்து சொன்னாத்தாம்மா. இல்லைன்னா தானா ஏறினார், அஜாக்கிரதைன்னு முடிஞ்சுடும்."

அஜாக்கிரதை. அவருக்கு.

வெளியே வேப்பமரத்தடியில கொஞ்ச நேரம் நின்னேன். சங்கருக்குப் போன் போட்டு அந்த ஒரு வார்த்தையை மட்டும் சொன்னேன். உங்கண்ணன் பேர்ல இப்படி எழுதப் போறாங்கன்னு. வான்னு கூப்பிடல. அவன் பின்னாடி யாரோ தெலுங்குல இரும்பை எடு எடுன்னு கத்திட்டிருந்தாங்க.

யாழினிக்கு இருமல் விட்டுது.

நவம்பர் 24, திங்கள்

மதியம் ஸ்டேஷன்லருந்து போன், வரச் சொல்லி. சூப்பர்வைசர் கேட் பாஸ் எழுதிக் கொடுத்தாரு. போனா, பெஞ்சுல சங்கர். காலையிலயே வந்துட்டானாம், தனியா. வேலையை விட்டுட்டு வந்திருக்கான். தானா விட்டானோ, அவங்க நிறுத்தினாங்களோ.

வாக்குமூலம் எழுதி முடிச்சு ஸ்டேஷன் ரைட்டர் படிச்சுக் காட்டிட்டிருந்தாரு. என்னையும் கேட்கச் சொன்னாங்க. அன்னைக்குக் காலையில அவர் சாப்பிட்டது, பெல்ட் மாட்டினது, எல்.சி. ஆச்சான்னு கேட்டது. அவர் பேசின கடைசிப் பேச்சு. அதை ஒரு போலீஸ்காரர் குரல்ல கேட்டேன்.

அப்புறம் வந்துது அந்த இடம். மேனேஜர் கைபேசியில், லைன் சரியாக உள்ளது எனக் கூறினார்.

சங்கர் குறுக்க நிறுத்தினான். "சார், அவரு சரியாக உள்ளதுன்னு சொல்லல. லைன் ஓகேன்னாரு. நான் எல்.சி. ஆச்சான்னு கேட்டேன், அதுக்கு லைன் ஓகேன்னாரு. அப்படியே எழுதுங்க சார். நான் கேட்டதையும் எழுதுங்க. நான் அண்ணன்கிட்ட ஏறுன்னு சொன்னதையும் எழுதுங்க."

ரைட்டர் எஸ்.ஐ.யைப் பார்த்தாரு. எஸ்.ஐ. சங்கரைப் பார்த்து, கடைசியா சொன்னது உனக்கே திரும்பும், தெரியுமான்னாரு. தெரியும் சார்னான். எழுதின வரியை அடிச்சுட்டு, அவன் சொன்ன மாதிரியே எழுதினாங்க. கையெழுத்து முதல் தடவை கோணிப் போச்சு, ரெண்டாவது தடவை போட வேண்டியதாச்சு.

கான்ட்ராக்டர், மேனேஜர் ரெண்டு பேர் மேலயும் கேஸ் மாத்திப் பதியறாங்க. மேனேஜர் போன்ல பேசின விவரத்தையும் எடுக்கப் போறாங்களாம். சங்கர் சாட்சியா, குத்தவாளியான்னு கோர்ட்தான் சொல்லணும்னு எஸ்.ஐ. சொன்னாரு. என் வீட்டுக்காரர் போனை இன்னும் தர முடியாதாம்.

பஸ் ஸ்டாப் வரைக்கும் ரெண்டு பேரும் ஒண்ணா நடந்தோம். தூறல். அவன்கிட்ட குடை இல்ல, நானும் விரிக்கல.

மாசப் படையலுக்கு வரலாமா அண்ணின்னு கேட்டான்.

வார்த்தையைத் தேடினேன். ஒரே அர்த்தம் மட்டும் இருக்கிற வார்த்தையா. "உன் மேல கோபம் இருக்குது சங்கர். எப்ப போகும்னு தெரியல, போகுமான்னும் தெரியல. அத்தையைக் கூட்டிட்டு வந்துடு. காலையில சீக்கிரமே வந்துடு, வேலை நிறைய இருக்குது."

சரிங்க அண்ணின்னான். மத்திகிரி டவுன் பஸ் வந்துது. கூட்டம். படியில நின்னுட்டே வந்தேன்.